ஒவ்வொரு கடையிலும் ஒரு கடி

இறால் வடையைக் கடிக்கப் போன நோபேட்டின் கை பாதியில் நின்றது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அதே ஆள். நரைத்த மீசை, ஒட்ட வெட்டிய தலை. சற்றுமுன் அப்பக் கடையிலும் நின்றவர். கையில் பால் விடாத பிளேன்டி, குடிக்கவில்லை.

சிவில் உடுப்புப் பொலிஸ்! தமிழ்ப் பெடியனைப் பிடிக்கக் காரணமா வேண்டும்?

வடை வண்டிக்காரன் சூசைதாசன் கண்ணடித்தான். "இண்டைக்கு நல்ல பிள்ளையா நட மச்சான்."

சரிதான். இவனுக்கும் தெரிந்திருக்கிறது.

சண்டைக் காலத்தில் கொழும்புக்கு ஊர் பார்க்க வருகிறவர்களே குறைவு. கொள்ளுப்பிட்டி ட்ரவல்ஸ் கந்தோரில் வேலை பார்த்த நோபேட்தான் இந்தத் தெருச்சாப்பாட்டு உலாவைக் கண்டுபிடித்தான். கடைக்குக் கடை ஒரு கடி, ஒரு விளக்கம். இன்றைக்கு வந்தது ஒரே ஆள், இங்கிரிட் என்ற ஜேர்மன்காரி.

ஞாயிற்றுக்கிழமை, அவன் பெண் கேட்டிருந்த டோரின் வீட்டிலிருந்து முடிவு வரும். டோரினுக்காக அவன் சிகரெட்டைக்கூட விட்டிருந்தான். ஒரு இரவு பொலிசில் இருந்தால் போதும், யார் அவனுக்குப் பெண் கொடுப்பார்கள்?

கொட்டாஞ்சேனையில் பாக்கி இருந்த கடைகளை விட்டுவிட்டு இங்கிரிட்டை இழுத்துக்கொண்டு வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறினான். அந்த ஆளும் ஏறினார்.

வழியில் செக்பொயின்ட். எல்லாரும் இறங்கினார்கள். நோபேட்டின் அடையாள அட்டையைச் சிப்பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த ஆளிடமோ சிங்களத்தில் ஏதோ கேட்டுச் சிரித்து அனுப்பிவிட்டான். இனி என்ன சந்தேகம்?

வெள்ளவத்தையில், காலி வீதிக் கடலை வண்டியருகே அவர் நேராகவே வந்துவிட்டார்.

"தம்பிக்கு என்ன பேர்?"

"சின்னராசா."

"நோபேட்!" என்று கூப்பிட்டாள் இங்கிரிட்.

"செல்லமா அப்பிடித்தான் கூப்பிடுவா" என்றான் நோபேட்.

"செல்லமாவோ? இவ ஆர்?"

வெள்ளைக்காரியின் புருஷன் மேல் எந்தப் பொலிஸ் கைவைக்கும்?

"என்ட மிஸிஸ்."

அவர் மீசை துடித்தது. "அப்ப ஏன் கடை கடையா ஒரு கடி கடிச்சுப்போட்டு ஓடுறியள்?"

உளவு பார்க்கிறோம் என்று நினைத்துவிட்டார்! நோபேட்டின் மூளை வேகமாய் ஓடியது.

"அவ பிள்ளைத்தாச்சி, ஐயா. மசக்கை. கேட்டதெல்லாம் வாங்கிக் குடுக்கோணுமே!"

கொச்சிக்காய்க் காரம் தாங்காத இங்கிரிட், அந்த நேரம் பார்த்து வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"இதுதான் முதல் பிள்ளையோ?"

"மூண்டாவது" என்றான் நோபேட். குடும்பஸ்தன் என்றால் இரக்கப்படுவார் அல்லவா?

"யேசுவே!" என்று முனகிவிட்டு அந்த மனிதர் திரும்பியும் பாராமல் நடந்தார்.

நோபேட்டுக்குத் தலைகால் புரியவில்லை. பொலிசையே ஏய்த்துவிட்டான்! இங்கிரிட்டுக்கு இன்னொரு சுருள் கடலை வாங்கிக்கொடுத்து அவளை ஹோட்டலில் விட்டுவிட்டு, பின்னேரமே சூசைதாசனிடம் ஓடி நடந்ததை நடித்தே காட்டினான்.

சூசைதாசன் சிரிக்கவில்லை. எண்ணெயில் வடை கருகிக்கொண்டிருந்தது.

"பொலிஸ் இல்லையடா, அவர் சிங்கள ஊர் களனியில இருக்கிற டோரின்ட மாமா, மாப்பிள்ளையை விசாரிக்க வந்தவர், நீ பொம்பிளையளை நிமிர்ந்தும் பார்க்காத பிள்ளை எண்டு மாதா மேல சத்தியம் பண்ணி, நம்பாட்டி ஒரு நாள் பின்னால போய்ப் பாருங்கோ எண்டு நான்தான் அனுப்பினனான்!"