பதிலாகக் கையெழுத்திடும் அண்ணாச்சி

மருத்துவமனை என்றதும் உங்கள் நினைவுக்கு வருவோர் மூன்று வகையினர்: நோயாளி, மருத்துவர், செவிலியர். பாடநூல்களும் இம்மூவரோடு நிறுத்திக்கொள்கின்றன. பாடநூல் எழுதியோர் பாளையங்கோட்டையில் ஒரு முற்பகல்கூட வார்டு வாசலில் நின்றதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். நின்றிருந்தால், நான்காவது இனம் ஒன்று அவர்கள் காலை மிதித்துக்கொண்டு உள்ளே போயிருக்கும். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒன்று மக்கர் செய்தால் மற்றொன்று, கக்கத்தில் ஜவுளிக்கடைப் பை, அதற்குள் பிறருடைய எக்ஸ்ரே. அவருக்கு நோய் கிடையாது. மருத்துவமும் தெரியாது. ஆனால் அவர் இல்லாமல் இந்த வட்டாரத்தில் ஒரு குடல்வால்கூட வெளியே வருவதில்லை. அவரே பதிலாகக் கையெழுத்திடுபவர்.

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ணாதீர்கள். பதிவேடுகள் என் பக்கம் இருக்கின்றன. என் செவிலியர் முதுகலைப் படிப்பின் ஆய்வேட்டுக்காக, பெயர் சொல்லக் கூடாத ஒரு மருத்துவமனையில் நூற்று இருபது அறுவைச் சிகிச்சை ஒப்புதல் படிவங்களைப் புரட்டினேன். எல்லாமே சுயநினைவோடு இருந்த, பதினெட்டு வயதைக் கடந்த நோயாளிகளுடையவை. விதி மிக எளியது. இன்னது செய்யப்போகிறோம் என்று மருத்துவர் அந்த நோயாளியிடமே சொல்ல வேண்டும். அவரே சம்மதிக்க வேண்டும். அவர் ஒப்பமிட்டதைக் கண்ணால் கண்டேன் என்று செவிலியர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நூற்று இருபதில் எழுபத்து மூன்று படிவங்களில் நோயாளி இல்லவே இல்லை. 'நோயாளிக்கு உறவு' என்ற கட்டத்தில் கணவர், அண்ணன், மச்சான், சித்தப்பா என்று வரிசை நகர்ந்து, 'ஊர்க்காரர்', 'வேண்டியவர்' என்று விரிந்து, ஒரு படிவத்தில் 'ஆட்டோ' என்று முடிந்திருந்தது. கையில் இருப்பது ஒப்புதல் படிவமா, கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்ற பகுதியா என்று சற்றே மயங்கினேன்.

இவ்வினத்தின் மறை மூன்று வாக்கியங்களால் ஆனது. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது." "அவகிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்." "நாங்க பாத்துக்கிடுதோம்." முதல் வாக்கியம் உண்மையாக இருப்பதற்கு இரண்டாவது வாக்கியமே காரணம் என்பது அவருக்கு ஒருபோதும் உறைத்ததில்லை. அதற்காக அவரை ரகசியம் காப்பவர் என்றும் நினைத்துவிட வேண்டாம். நோயாளியின் சர்க்கரை அளவை அவர் லிப்ட்டில் அறிவிப்பார், டீக்கடையில் விவாதிப்பார், ஸ்ரீவைகுண்டம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் அளவோடு ஒப்பிட்டும் பார்ப்பார். உலகில் ஒரே ஒருவருக்குத்தான் அது தெரியக் கூடாது.

கடல் கடந்த கிளையும் உண்டு. ஷார்ஜாவில் இருக்கும் தாஜ் முகம்மது, தம் உம்மாவின் பித்தப்பைக் கல்லுக்கு வீடியோ அழைப்பிலேயே சம்மதம் தெரிவித்தார். கைப்பேசி கட்டில் கட்டிலாகப் பயணம் செய்தது. "உம்மாட்ட சொல்லிராதீங்க, பயந்திருவாங்க" என்று அவர் அங்கிருந்து கத்தியதை, உம்மா உட்பட வார்டில் இருந்த பதினான்கு பேரும் கேட்டார்கள்.

பொதுவாகப் பேசியது போதும். ஒரு முழுமையான மாதிரியைப் பார்ப்போம்.

குற்றாலலிங்கம் அண்ணாச்சிக்கு ஸ்ரீவைகுண்டத்தில் உரக்கடை. அவருடைய தங்கை இசக்கித்தாய், வாழைத்தோட்டங்களில் தார் சுமப்பவர், நாற்பத்தாறு வயது. சர்க்கரை நோயால் வலது காலில் இரண்டு விரல்கள் அழுகி, எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் சேர்த்திருந்தார்கள். இடது காலிலும் ஒரு கட்டு இருந்தது. அது வாழை வெட்டும்போது அரிவாள் பட்ட சிறு காயத்துக்கு. இரண்டு காலிலும் கட்டு என்பதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். அண்ணாச்சி வைக்கவில்லை.

விரலை எடுக்கப்போவது மருத்துவர் தில்லைநாயகத்துக்குத் தெரியும். அவர் காலையில் வராந்தாவில் நின்று அண்ணாச்சியிடம் விளக்கினார். அண்ணாச்சிக்குத் தெரியும், பேருந்துக்கும் தெரியும். இசக்கித்தாயிடம் மட்டும், "புண்ணச் சுத்தம் பண்ணப் போறாவ, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லியிருந்தார்கள். பயிற்சி மருத்துவர் ஒருவர் படிவத்தை அவசரமாக நிரப்பி நீட்டினார். அண்ணாச்சி படிக்காமலே தம் கையெழுத்தைப் போட்டார். நல்ல கையெழுத்து. கீழே இரண்டு கோடு, பக்கத்தில் இரண்டு புள்ளி.

பிறகு படிவம், சாட்சிக் கையெழுத்துக்காகப் பொன்செல்வி என்ற செவிலியரிடம் வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். நிரந்தர ஆணை இன்னும் வரவில்லை. அந்த நிலையில் இருப்பவர்கள் படிவத்தைப் படிப்பதில்லை என்பது மரபு. பொன்செல்வி படித்தார்.

"அண்ணாச்சி, ஆபரேசன் யாருக்கு?"

"இது என்ன தாயி கேள்வி? எந் தங்கச்சிக்கு."

"நோயாளி கையெழுத்துன்னு இருக்க எடத்துல ஒங்க பேருல்லா கிடக்கு?"

"அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா."

"கைநாட்டு வச்சாப் போதும்."

"வெரல எடுக்கப் போறோம்னு சொன்னா பயந்துருவா."

"எடுக்கப் போறது கால் வெரலு அண்ணாச்சி. கைநாட்டு வைக்க கை வெரலு பத்தும் பத்திரமா இருக்கு."

அண்ணாச்சி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இரண்டு பேனாவும் இருந்தன. "நான் யாருன்னு தெரியாமப் பேசுத. இந்த ஆஸ்பத்திரியில பதினேழு பேருக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். ஒருத்தனும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல."

அந்தப் பதினேழு பேரில் எத்தனை பேர் குறை சொல்லும் நிலையில் வீடு திரும்பினார்கள் என்று பொன்செல்வி கேட்கவில்லை. ஆய்வாளர் என்ற முறையில் எனக்கு அது ஒரு குறைதான்.

ஆபரேசன் தியேட்டரிலிருந்து தொலைபேசி அடித்தது: பேஷண்ட் எங்கே? மூத்த செவிலியர் செல்வமணி அக்கா, பொன்செல்வியின் காதோரம் வந்தார். "போட்டு விடுட்டி. எல்லாரும் இப்பிடித்தான போடுதாவ. ஒன் ஆர்டர் வார நேரத்துல எதுக்கு வம்பு?"

"யக்கா, 'என் கண் முன்னால பேஷண்ட் சம்மதிச்சாங்க'ன்னு நான் எழுதிக் குடுக்கணும். நாளைக்குக் கூண்டுல ஏத்தி, யாரு சம்மதிச்சான்னு கேட்டா, உரக்கடையவா கைகாட்ட?"

"கூண்டா? எந்தக் கோர்ட்டுல?" என்று அண்ணாச்சி முன்னால் வந்தார். "அங்கனயும் நமக்கு ஆளு இருக்கு."

பார்த்தீர்களா? சட்டம் என்றதும் பிறருக்குத் தண்டனை நினைவுக்கு வரும். இவ்வினத்துக்கு ஆள் நினைவுக்கு வரும்.

அறுவையைப் பற்றி விளக்குவது செவிலியரின் வேலை அல்ல. விளக்க வேண்டியவரை அழைப்பது அவருடைய வேலை. பொன்செல்வி அழைத்தார். தில்லைநாயகம், பாதியில் நிறுத்திய தேநீரின் கோபத்தோடு வந்தார்.

"நான்தான் காலையிலயே சொல்லிட்டேனேம்மா?"

"யார்ட்ட சார்?"

மருத்துவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார். பிறகு மருத்துவர், அவருடைய பெருமைக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். படிவத்தைக் கையில் எடுத்து வாசித்துச் சொன்னார்.

"இசக்கித்தாயம்மா, புண்ணு எலும்பு வரைக்கும் போயிருச்சு. ஒங்க இடது கால்ல ரெண்டாவது விரலையும் மூணாவது விரலையும் எடுக்கணும்."

இசக்கித்தாய் அழவில்லை. மயங்கவும் இல்லை. "எந்தக் கால்ல?" என்றார்.

"இடது கால்ல."

"இது அருவா பட்ட காலுல்லா சார்? இது ஆறிக்கிட்டு வருது. அழுகிக் கெடக்கது சோத்தாங்கைப் பக்கத்துக் காலு."

மருத்துவர் படிவத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார். செல்வமணி அக்கா, அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியை எடுக்க மறந்தார். கட்டைப் பிரித்ததும் தியேட்டரில் எப்படியும் தெரிந்திருக்கும் என்று பின்னர் எல்லோரும் சொன்னார்கள். சொன்ன எல்லோரும் தத்தம் விரல்களோடு பத்திரமாக இருந்தார்கள். இத்தனை பேர் பார்த்த இரண்டு கால்களில், அழுகியது எந்தக் கால் என்று நிச்சயமாக அறிந்திருந்த ஒரே ஒருவரிடம்தான் அதுவரை யாரும் கேட்கவில்லை.

"எனக்கு அப்பவே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு" என்றார் அண்ணாச்சி.

தில்லைநாயகம் அந்தப் படிவத்தைக் குறுக்கே கோடிட்டு ரத்து செய்தார். கட்டைப் பிரித்து, வலது காலில் மையால் தாமே குறியிட்டார். புதிய படிவத்தை எழுதினார், மறுபடி வாசித்தார். இம்முறை கேள்விகள் எல்லாம் கட்டிலில் இருந்து வந்தன.

"எடுக்காட்டா என்ன ஆவும்?"

"பாதம் பூராப் போயிரும்மா. அதுக்கு மேலயும் ஏறலாம்."

"எடுத்தா வரப்புல நடக்க முடியுமா?"

"புண்ணு ஆறணும். தனிச் செருப்பு தருவோம். பைய நடக்கலாம். தார் சுமக்கதப் பத்தி இப்பவே சொல்ல முடியாது."

இசக்கித்தாய் அதைச் சிறிது நேரம் மனத்துக்குள் சுமந்து பார்த்தார். "ரெண்டாவது வெரலுன்னா மெட்டி போடுத வெரலு."

அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்தார். "இதுக்குத்தான் சொல்லாண்டாம்னேன். இப்ப பாத்தியளா, அவ மனசு..."

"நீ சும்மா இருண்ணே. ஒத்தப் புருசனுக்கு ஒத்தக் கால் மெட்டி போதும்." பிறகு, எதையோ நீண்ட நாளாகச் சொல்லக் காத்திருந்தவர் போல, "எங் கல்யாணத்துக்கும் நீதான் சரின்னு சொன்ன. அப்பயும் எங்கிட்டக் கேக்கல."

"அந்த மாப்பிள்ளையில என்னட்டி கொற?"

"அதயும் இப்பிடி ஒருக்க வாசிச்சுக் காட்டிருந்தா, பாத்துச் சொல்லிருப்பேம்லா."

கட்டைவிரலில் மை தடவி, கட்டத்துக்குள் பிசகாமல் பதித்தார். பொன்செல்வி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு விரல்கள் போயின. சரியான இரண்டு விரல்கள். எட்டுக் கால்விரலோடு இசக்கித்தாய் வீடு திரும்பினார். பொன்செல்விக்கு ஆணை ஒரு மாதம் தாமதமாக வந்தது. எந்தக் காரணமும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அண்ணாச்சி திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். இடது வலது பார்க்கச் சொன்னதே தாம்தான் என்று அவர் உரக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் கழித்துக் குடலிறக்கம் என்று அவரே அதே வார்டில் படுத்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார்கள். அவருடைய மகன் மாரிசெல்வம், அந்தச் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, நீட்டிய படிவத்தில் நோயாளியின் இடத்தைத் தேடினான்.

"ஏலே, என்னலே அது? எனக்கு என்னலே பண்ணப் போறாவ?"

"ஒண்ணும் இல்லப்பா. நீங்க பேசாமப் படுங்க. நாங்க பாத்துக்கிடுதோம்."

"ஏலே, அதக் குடுலே! எம்மா பொன்செல்வி! எங்கம்மா போன? இங்கன வந்து இவங்கிட்ட கேளு!"

பொன்செல்வி வந்தார். படிவத்தை வாங்கி அண்ணாச்சியின் கையில் கொடுத்தார். அண்ணாச்சி அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, கண்ணாடியைப் போட்டு ஒரு முறை, கழற்றி ஒரு முறை படித்தார். தியேட்டரிலிருந்து நான்கு முறை தொலைபேசி வந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் சட்டைப்பையில் இரண்டு பேனா இல்லை, உரக்கடை இல்லை, எந்த வராந்தாவிலும் நீங்கள் அண்ணாச்சி இல்லை. ஒரே ஒரு சிறு விவரம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன், என் ஆய்வேட்டுக்காக. உங்கள் அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்ததே, அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தானே? எந்தக் கண்? இடதா, வலதா?

ஏன் யோசிக்கிறீர்கள்?