பேனாவுக்கு ஒரு தொட்டில்

விடிந்தால் போதும், இழுத்து மூடிக் கிடந்த பழைய போட்டோ ஸ்டுடியோவின் படிக்கட்டில், காசு கட்டி வாங்கிய டோக்கன் தாளோடு கூட்டம் நெரியும். எல்லாருடைய சட்டைப் பையிலும் ஒரு பேனா இருக்கும். எந்தப் பேனாவும் எழுதாது. எழுதாமல் இருப்பதற்கு அனுமதி வாங்கத்தானே இத்தனை கூட்டம்!

மாடியில் இருந்தவர் காதுசாமி. பலகையில் 'செவிச்சித்தர்' என்றுதான் போட்டிருந்தார். தெரு வைத்த பெயர் காதுசாமி. பேனாவைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடுவார். உள்ளே உறங்கும் கதை அவர் ஒருவருக்கு மட்டும் கேட்கும். பேனாவின் சொந்தக்காரருக்கே கேட்காதது இவருக்குக் கேட்கிறதென்றால் அது சாதாரணக் காதா?

"தூங்குது. எழுப்பிடாதீங்க. எழுப்பினா கதை செத்துரும்" என்பார்.

அவ்வளவுதான். வந்தவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிடும். வங்கியில் வேலை பார்க்கும் கவிஞர், துப்பறியும் நாவலை இரண்டாம் அத்தியாயத்தில் விட்ட பஸ் கண்டக்டர், நாடகம் எழுதப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்ட மருந்துக்கடைக்காரர் என்று எல்லாரும் பகலில் ஒரு வேலை, ஒழிந்த நேரத்தில் எழுத்து என்று இருப்பவர்கள். வீட்டில் "எழுதலையா?" என்று கேட்டால் இதுவரை திருதிருவென்று விழித்தார்கள். இப்போது நெஞ்சை நிமிர்த்தி, "உத்தரவாகலை" என்றார்கள். சோம்பலுக்கு இதைவிடப் பட்டுச் சட்டை யார் தைத்துக் கொடுப்பார்கள்?

தூங்கும் பேனாவைச் சும்மா மேசையில் போடலாமா? போடக்கூடாது. அதற்கென்று வெல்வெட் மெத்தை வைத்த சின்னஞ்சிறு தொட்டில் உண்டு. காதுசாமியின் மைத்துனர் கீழேயே விற்றார். மாதம் ஒரு புது மெத்தை மாற்ற வேண்டும். பழைய மெத்தையில் கெட்ட கனவு வருமாம். பேனாவுக்கு!

நாளைக்காரரும் ஒரு தொட்டில் வாங்கினார்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவர் வேலை. பிறர் பார்வையைத் துலக்கிக் கொடுப்பவர். எப்போது கதை கேட்டாலும் "நாளைக்கு" என்பதால் இந்தப் பெயர். கெட்டிக்காரர்தான். வார இதழ் ஒன்றில் அவருடைய தொடர்கதை வந்துகொண்டிருந்தது. மழையில், ரயிலடியில், கையில் பெட்டியோடு நாயகியை நிறுத்தி வைத்தார். அதோடு காதுசாமியிடம் போனார். மூன்று மாதமாயிற்று. அந்தப் பெண் இன்னும் நனைந்துகொண்டே நிற்கிறாள்.

அவர் வீட்டுக்கு மேலே, மாடி வீட்டு அக்கா கால் எலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருந்தார். நாளைக்காரரின் மனைவி தினமும் சாயங்காலம் ஏறிப் போய், தலை வாரிவிட்டு, அந்தக் கதையை வாசித்துக் காட்டுவாள். வந்த பக்கங்களையே திரும்பத் திரும்ப வாசித்து இருவருக்கும் மனப்பாடம்.

"உன் வீட்டுக்காரர் அந்தப் பொண்ணை ரயில் ஏத்திட்டாரா, இல்லையா?"

"நாளைக்கு ஏத்திருவாராம், அக்கா."

"நான் எழுந்து நடக்கிறதுக்குள்ளயாவது ஏத்தச் சொல்லு. என் காலைவிட மோசமா இருக்கே அவர் கை!"

மனைவி இதைக் கீழே வந்து சொன்னால் நாளைக்காரர் உதட்டில் விரல் வைத்துத் தொட்டிலைக் காட்டுவார். அவளுக்குச் சலவைக் கடையில் வேலை. துணிக்குச் சீட்டெழுதித் தள்ள வேண்டும். ஒருநாள் காலை கிளம்பும்போது அவள் பேனா மக்கர் செய்தது.

"என்னங்க, உங்க பேனாவை எடுத்துக்கட்டுமா?"

"ஐயோ, தூங்குதும்மா!"

"சரி, எழுப்பாம பார்த்துக்கறேன்" என்றாள். கேலிதான் என்று நினைத்து அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கடைசியில் இதழாசிரியர் போனில் வந்தார். "நாளைக்குக் காலையில கதை வரலைன்னா உங்க பக்கம் போச்சு, சார். ராசிபலன்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார். அவர் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை."

நாளைக்காரர் போனை வைத்தார். அந்தப் பக்கம் போனால் வேறு எந்தப் பத்திரிகை அவரை நம்பும்? அன்றே அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தொட்டிலைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடினார். மனைவியும் கூடவே கிளம்பினாள்.

"நீ எதுக்கும்மா?"

"நானும் கேட்கிறேனே. உங்க பேனா எனக்கும் சொந்தம்தானே?"

வாசலில் நின்று ஒரு நிமிடம் கண் மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் படியிறங்கினாள். அவளுக்குக் கடவுள்மேல் அசையாத நம்பிக்கை. கடவுள் டோக்கன் கொடுத்து உள்ளே விடுபவர் இல்லை என்பதிலும் அதே நம்பிக்கை.

ஸ்டுடியோவில், பழைய அருவிப் படத்திரைக்கு முன்னால் காதுசாமி அமர்ந்திருந்தார். படத்து அருவி மேலிருந்து கீழ்வரை உரிந்திருந்தது. நாளைக்காரர் பேனாவை நீட்டினார். காதுசாமி அதைக் காதில் வைத்தார். புருவம் ஏறியது. இறங்கியது. தலை மெல்ல ஆடியது.

"அடேயப்பா! பெரிய கதை. உள்ளே மை கொதிக்குது. ஆனா இன்னும் கண் திறக்கலை."

"சாமி, நாளைக்குக் காலையில கேட்கிறாங்க..."

"கேட்கிறவன் ஆயிரம் கேட்பான். எழுதிக் கை இழுத்துக்கிட்டா அதுக்கு நான் பொறுப்பில்லை."

நாளைக்காரரின் முகம் தொங்கிவிட்டது. ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில், இன்றைக்கும் எழுத வேண்டாம் என்ற நிம்மதி கள்ளத்தனமாகக் குந்தியிருந்தது. அதுதானே இந்தக் கடையின் மூலதனம்!

மனைவி முன்னால் வந்தாள். குரலில் கோபம் இல்லை.

"சாமி, இன்னொரு தடவை நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. மை கொதிக்குதா?"

"கொதிக்குதும்மா. சத்தம் காதைத் துளைக்குது."

"நிச்சயமா?"

"என் காதையே சந்தேகப்படுறியா?"

"இல்லைங்க. பேனாவைத்தான்" என்று வாங்கி, எல்லார் முன்னாலும் திருகித் திறந்தாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சின்ன ஸ்பிரிங் விழுந்து உருண்டது. அவ்வளவுதான். உள்ளே ரீஃபிலே இல்லை.

படிக்கட்டில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"என் பேனா தீர்ந்துபோச்சுன்னு இதுல இருந்த ரீஃபிலை நான் எடுத்துப் போட்டுக்கிட்டேன். போன மாசமே! இத்தனை நாளா அந்த மை ஊர்த் துணிக்கெல்லாம் சீட்டு எழுதிக்கிட்டிருக்கு. எழுப்பாமத்தான் எடுத்தேன், சாமி. அது தூங்கவே இல்லை."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காதுசாமி தொண்டையைச் செருமினார். "மை போனாலும்... ஆன்மா..."

"அப்போ என்னுதுல என்ன இருக்கு?" பஸ் கண்டக்டர் தன் பேனாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "ரீஃபில் இருக்கா, இல்லையா? காதால பார்த்துச் சொல்லுங்க. இப்பவே நாவலைக் காணிக்கையா வைக்கிறேன்!"

"ரெண்டு அத்தியாயம்தானேய்யா இருக்கு!" என்றார் மருந்துக்கடைக்காரர். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கூட்டமெல்லாம் பேனாவைத் திருகும் சத்தம். வங்கிக் கவிஞரின் பேனாவில் மை கல்லாய்க் காய்ந்திருந்தது. அதற்குள் காவியம் இருப்பதாகப் போன வாரம்தான் சாமி சொல்லியிருந்தார். கீழே மைத்துனர் தொட்டில்களைச் சாக்கில் அள்ளுவது கேட்டது.

காதுசாமி மெதுவாக எழுந்து அருவிக்குப் பின்னால் நழுவப் பார்த்தார். அங்கே கதவு இல்லை; சுவர்தான். திரும்பி வந்து நின்றவருக்கு வியர்த்துக் கொட்டியது. நாளைக்காரரின் மனைவி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"குடிங்க. எங்க மாடியில ஒரு அக்கா பேச ஆளில்லாமக் கிடக்கிறாங்க. வாங்கின காசையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டு, சாயங்காலம் வந்து அவங்க பேசுறதைக் கேளுங்க. பேனாவுக்குக் குடுத்த காதை மனுஷங்களுக்குக் குடுத்தா புண்ணியம்."

காதுசாமி தண்ணீரைக் குடித்தார். தலையை ஆட்டினார். இந்த முறை பொய்யாக ஆட்டியதாகத் தெரியவில்லை.

நாளைக்காரர் மட்டும் ஸ்பிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காதுசாமி ஏமாற்றினார், சரி. ஆனால் ஒரு மாதமாக வெறுங்கூட்டை மெத்தையில் வைத்துக் கொஞ்சியது யார்? ஒரே ஒரு தடவை ஒரே ஒரு சொல் எழுதிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே!

"உன் பேனாவைக் குடும்மா" என்றார் மனைவியிடம்.

"தூங்குதுங்க."

"விளையாடாத. குடு."

கொடுத்தாள். டோக்கன் தாள்களின் பின்பக்கத்தில், படிக்கட்டிலேயே உட்கார்ந்து எழுதினார். முதல் வரி கோணல். இரண்டாவது வரியை அடித்தார். கை இழுத்துக்கொள்ளவில்லை. விரல் வலித்தது, எழுதினால் வலிக்கத்தான் செய்யும். பொழுது சாய்வதற்குள் ரயில் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாயகி ஏறிவிட்டாள். கதை மறுநாள் காலை ஆசிரியரின் மேசைக்குப் போனது. ராசிபலன்காரருக்கு அந்த வாரம் கிரகம் சரியில்லை.

அதற்கு முன்பே, அன்று மாலையே மாடியில் அது வாசிக்கப்பட்டது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, துணி காயட்டும்" என்றார்.

பேனாவுக்கு மட்டுமல்ல, சிலர் தலைக்கும் மூடி போட்டு வெல்வெட்டில் கிடத்தி வைத்திருக்கிறார்கள். கடவுள் அதைத் தாலாட்டவா கொடுத்தார்? யாரோ ஒருவர் காதில் வைத்துக் குறி சொல்லுமுன், நீங்களே ஒருமுறை திருகித் திறந்து பாருங்கள். உள்ளே ஒன்றும் இல்லையென்றால், அதுவாவது தெரிந்துபோகும்!