அக்கா தூங்கும் மாநிலம்

முத்தியால்பேட்டை,
புதன்கிழமை மாலை.

அன்புள்ள பூர்ணிமா அக்காவுக்கு,

தங்கை கவிநிலா எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். மிக்சி மட்டும் நலமில்லை. அங்கே மாஹேயில் நீ தேங்காயெண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பழகி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "சரிடி, அம்மாகிட்ட குடு" என்கிறாய். இந்த விஷயம் இரண்டு வாக்கியத்தில் அடங்காது. அதனால் இன்றிரவு பஸ்ஸில் மாஹேக்கு வேலைக்குத் திரும்பும் எதிர்வீட்டுத் தமிழ்மாறன் அண்ணனிடம் முறுக்கு டப்பாவோடு இதைக் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கைப் பிறகு சாப்பிடு. முதலில் படி.

"என் முதல் ஓட்டு, நம்ம ஊர்லதான் போடுவேன், பேர சேத்து வைடி" என்று நீ சொன்னதும் நான் குடிமையியல் பாடத்தை மறுபடி படித்துவிட்டு, அப்பாவின் போனில் நம் வீட்டு முகவரிக்கே விண்ணப்பித்தேன். வீட்டுக்கு ஒரு அலுவலர் வந்து விசாரிப்பார் என்று போட்டிருந்தது. வந்தார். செல்வாம்பாள் டீச்சர் என்று பெயர். அங்கன்வாடியில் வேலை, நம் தெருவுக்குப் புதியவர், கையில் ஒரு கட்டைப்பை. நான் டியூஷனில் இருந்தேன். நீ பிளஸ் டூ முடித்ததிலிருந்து கட்டைப்பையோடு நம் வாசலுக்கு வருகிறவர்கள் யார் என்று உனக்கே தெரியும். படிப்பு முடிகிற வரைக்கும் கல்யாணப் பேச்சே கூடாது, எந்தத் தரகர் வந்தாலும் நீ இல்லை, உனக்கு வயதாகவில்லை, இப்போதைக்கு வரமாட்டாய் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். அன்றைக்கு நடந்ததை அம்மா இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினார்.

"பூர்ணிமான்னு பொண்ணு இங்கதான் இருக்குதாம்மா?"

"இல்ல."

"பதினெட்டு முடிஞ்சிடுச்சா?"

"அதுக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடக்குது."

"வீட்டுல எத்தினி பேரு? எத்தினி வருசமா இங்க இருக்கீங்க?"

"அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு?"

"சரி, பொண்ணோட போட்டோ ஒண்ணு காட்டுங்க, ஒத்து வருதான்னு பாக்கணும்."

"போட்டோ கீட்டோ எல்லாம் காட்டறதில்ல. அவ மாஹே போயிட்டா. இனிமே அங்கதான். இந்தப் பக்கமே வரமாட்டா. நீங்க கெளம்புங்க."

"எப்பிடிப் பேசி அனுப்பினேன் பாத்தியா?" என்று அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. டீச்சர் வைத்துவிட்டுப் போன சீட்டைப் பார்த்தேன். அதில் தேர்தல் துறை என்று இருந்தது.

மறுநாள் அப்பா சீட் கவர் கடையைப் பாதி ஷட்டரோடு விட்டுவிட்டு என்னை அழைத்துக்கொண்டு தேர்தல் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த சார் நல்லவர்தான், ஆனால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: நீ எந்த மாநிலத்தில் இருக்கிறாய்? "மாஹேல சார். அதுவும் நம்ம புதுச்சேரிதானே, நம்ம கவர்மெண்ட்டு பஸ்ஸே போவுதே" என்றார் அப்பா. "காலேஜு மாஹேங்க. ஹாஸ்டல் அட்ரஸ் பாத்தீங்களா? ஆத்துப் பாலத்துக்கு அந்தாண்ட. அது கேரளா" என்றார் சார். அப்பா விடவில்லை. "பகலெல்லாம் நம்ம ஸ்டேட்லதானே சார் இருக்குது?" "தூங்குறது எங்க, அத சொல்லுங்க." எனக்குத் தலை சுற்றியது, அக்கா. நீ பிறந்தது புதுச்சேரி. படிப்பதும் புதுச்சேரி, ஆனால் அந்தப் புதுச்சேரியைச் சுற்றிக் கேரளம். தூங்குவது கேரளத்திலேயே. லீவு விட்டால் அழுக்குத் துணியை மட்டும் முத்தியால்பேட்டைக்கு மூட்டை கட்டிக்கொண்டு வருகிறாய். "துணி துவைக்கிற இடத்த வெச்சு முடிவு பண்ண முடியாதா சார்?" என்று கேட்டேன். சார் உடனே மறுக்கவில்லை, விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

பிறகு அவரே ஒரு விதியைச் சொன்னார். விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள் விடுதி முகவரியிலும் சேரலாம், பெற்றோர் வீட்டு முகவரியிலும் சேரலாம், இரண்டில் ஒன்றுதான். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் பாலத்தைத் தாண்டியே இருக்க வேண்டாம். "பொண்ணு வாயால ஒரு வார்த்த கேட்டுக்கறேன்" என்று உன் எண்ணுக்குப் போட்டார், ஸ்பீக்கரில். "ஹலோ, பூர்ணிமாவா?" "ராங் நம்பர்ங்க. பூர்ணிமான்னு இங்க யாரும் இல்ல." தெரியாத எண் வந்தால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்பதும் அம்மாவின் சட்டம்தான், தெரியும். ஆனால் அப்படியா தயங்காமல் சொல்வாய்? அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சார் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்லயும் இல்லைங்கறாங்க, ஹாஸ்டல்லயும் இல்லைங்குது. பொண்ணுன்னு ஒண்ணு இருக்குதா, இல்லியா?"

கடைசியில் இரக்கப்பட்டார். வெள்ளிக்கிழமைக்குள் செல்வாம்பாள் டீச்சர் மறுபடி வீட்டுக்கு வந்து விசாரிப்பார், உனக்கும் போன் செய்வார். இந்த முறையும் பதில் சரியாக வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. வரப்போகும் தேர்தலுக்கு உன் பெயர் இருக்காது. ஆகவே எந்த எண்ணிலிருந்து யார் கூப்பிட்டாலும் கீழே இருப்பதை அப்படியே சொல். மனப்பாடம் செய்துகொள்: "ஆமாங்க, நான்தான் பூர்ணிமா. பதினெட்டு முடிஞ்சிடுச்சு. வீட்ல சொன்னது எல்லாம் சரி. எனக்குச் சம்மதம்." என்ன கேட்டாலும் மறுக்காதே. இந்த முறை யார் வந்தாலும் உள்ளே அழைத்து உட்கார வைப்பதாக அம்மாவும் சத்தியம் செய்திருக்கிறார்.

எனக்கும் இதில் கொஞ்சம் சுயநலம் உண்டு. உன் ஓட்டு அங்கே என்றால் தேர்தலுக்கு நீ வரமாட்டாய். உன் கட்டிலில் இப்போது என் புத்தகங்கள் இருக்கின்றன. நீ வருவதென்றால் அன்றே எடுத்துவிடுவேன்.

அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொன்னார். அம்மா, ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். உன் அறைத் தோழிகளுக்கு என் வணக்கமும் ஆளுக்கு இரண்டு முறுக்கும்.

இப்படிக்கு,
உன் ஓட்டுக்காக அலையும் தங்கை,
கவிநிலா.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது வாசலில் கட்டைப்பையோடு ஓர் அம்மாள். டீச்சருக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தோம். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, "ஆமாங்க, பதினெட்டு முடிஞ்சிடுச்சு, நம்ம வீட்டுப் பொண்ணுதான், எப்ப கூப்பிட்டாலும் வந்துடுவா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நானும் என் பங்குக்கு நீ பச்சைத் தாவணியில் இருக்கும் போட்டோவைக் கொடுத்து உன் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் பையில் வைத்துக்கொண்டு, "இவ்ளோ நல்ல மனசா பேசற வீட்ட நான் பாத்ததே இல்லம்மா. ஜாதகம்?" என்றார். கனகசெட்டிக்குளத்துத் தரகர் பாக்கியலட்சுமியாம். பையனுக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலையாம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். அம்மா காப்பி டம்ளரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் உனக்கு இரண்டு போன் வரும், டீச்சரிடமிருந்து ஒன்று, தரகரிடமிருந்து ஒன்று. இருவரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். ஆகவே மேலே எழுதியதை மனப்பாடம் செய்யாதே. செய்துவிட்டிருந்தால் உடனே மற. யார் பேசினாலும் முதலில் ஓட்டா, ஜாதகமா என்று கேள்.