மூச்சு விடும் ஜெக்கட் பற்றி மச்சானுக்கு

பண்டாரவளை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மச்சான் காமிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் இங்கே மழையோடு சுகமாக இருக்கிறோம். மெல்பேர்னில் நீங்களும் குடும்பமும் வெயிலோடு சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். எங்கள் மகள் ஹனாவுக்கு நீங்கள் அனுப்பிய ஜெக்கட் கிடைத்தது. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஜெக்கட் இப்போது நீங்கள் அனுப்பிய நிலையில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உங்கள் மருமகள் ஹனா மிட்வைஃப் வேலை கிடைத்துப் பெரகலயில் அறை எடுத்துத் தங்கியிருப்பது தெரியும்தானே. கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கர்ப்பிணிகளைப் பார்க்கப் போவது சைக்கிளில். பெற்றோல் வரிசைக் காலத்தில் வாங்கிய சைக்கிளை, வரிசை கலைந்த பிறகும் அவள் விடவில்லை. முதலில் என் கடையிலிருந்தே ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு கொடுத்தேன், ஒரு சொட்டு உள்ளே போகாது என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன், போகவும் இல்லை, ஆனால் ஏற்றத்தில் மிதிக்கிறவளின் வேர்வையும் வெளியே வரவில்லை, கழற்றிப் பார்த்தால் பிள்ளை தலையோடு குளித்தவள் மாதிரி நிற்கிறாள். "மழ உள்ளுக்கு வரக் கூடா, வேர்வ வெளிய போகணும். அப்பிடி மூச்சு விடுற ஜெக்கட் ஈக்கி வாப்பா" என்றாள். அப்படியும் ஒன்று இருக்கிறதாம். என் புடவைக்கடையில் விலையைக் கேட்டு வாடிக்கையாளர்கள் பெருமூச்சு விட்டுப் பார்த்திருக்கிறேன். துணி மூச்சு விட்டுப் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் உங்கள் பார்சல் வந்தது. புடவை வியாபாரி கையில் புதுத் துணி கிடைத்தால் என்ன செய்வான்? பொக்கற்றுக்குள் ஒரு நூலை உருவி நெருப்புக் காட்டினேன். சுருண்டு மணியாக உருகியது. நைலோன்தான் என்று வீட்டுக்காரி ஸுபைராவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, உட்பக்கத்தைப் புரட்டினேன். தோள் தையல் முழுக்க ஒரு பட்டி ஒட்டியிருந்தது. எங்கள் தொழிலில் தையலுக்கு மேல் எதையாவது ஒட்டினால், கீழே கோணல் இருக்கிறது, அதை மறைக்கிறான் என்று அர்த்தம். மச்சானை யாரோ ஏமாற்றிவிட்டான் என்று கொதித்துப்போய், அயன் பெட்டியைச் சூடாக்கி, இரண்டு தோளிலும் பட்டியைத் துணிக்கு நோகாமல் உரித்தெடுத்தேன். தையல் அவ்வளவு நேர்த்தி. இதையா மறைத்தார்கள் என்று கவலையாகிவிட்டது.

வார இறுதியில் வீட்டுக்கு வந்த ஹனா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "ஊசி ஓட்டையால தண்ணி போகாம ஒட்டினது வாப்பா அது!" நான் நம்பவில்லை. நானே ஜெக்கட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்று, ஸுபைராவைத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். முதல் வாளியிலேயே தோள் இரண்டும் நனைந்துவிட்டன. போதும் போதும் என்று கத்தினேன். உங்கள் ராத்தாவுக்குக் காது கேட்கவில்லை. இரண்டாவது வாளியும் வந்தது.

சிரித்து முடிந்ததா? இனி உண்மையைச் சொல்கிறேன். தோள் நனைந்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இனியாவது மழைக்குப் போகமாட்டாள் என்று நினைத்தேன். அவள் போகும் பாதை மீரியபெத்தப் பக்கமாகப் போகிறது. அங்கே மலை மண்ணாகச் சரிந்து இறங்கி வீடுகளை மூடியதை மறந்தவர் இந்தப் பகுதியில் யாரும் இல்லை. இங்கே ஓட்டில் மழை விழத் தொடங்கினால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஜெக்கட் மழையைத் தடுக்கும், மண்ணைத் தடுக்குமா? சைக்கிளை விற்றுவிட்டு, பண்டாரவளைக்கே இடமாற்றம் கேட்கச் சொன்னேன். "பாப்பம் வாப்பா" என்றாள். சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆகவே இனி ஜெக்கட் எதுவும் அனுப்பிச் சிரமப்பட வேண்டாம்.

ஸுபைரா எல்லோருக்கும் ஸலாம் சொல்கிறார். உங்கள் பிள்ளைகளின் தலையில் கை வைத்து எங்கள் துஆவைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மச்சான் ஷுக்ரி

பி.கு: கடிதத்தை ஒட்டி வைத்துவிட்டுத் தொழப் போனேன். திரும்பி வந்ததும் ஹனாவின் ஃபோன். தோட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு வலி கண்டிருக்கிறது. ரோட்டில் மண் விழுந்து ஆம்புலன்ஸ் கீழேயே நின்றுவிட்டதாம். இவள் சைக்கிளைத் தள்ளியும் தூக்கியும் போய்ச் சேர்ந்திருக்கிறாள். தொழிலாளர் லயத்து அறையிலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. தாயை நான்கு பேர் தூக்க, குழந்தையை முகம் மட்டும் தெரிய அந்தத் தோள் ஒழுகும் ஜெக்கட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் ஆம்புலன்ஸ் வரை நடந்திருக்கிறாள். கேட்பதற்கு எவ்வளவோ இருக்க, எனக்கு வாயில் வந்தது "தோள்ல தண்ணி வந்தா?" என்பதுதான்.

"நான் நல்லா நனஞ்சிட்டன் வாப்பா. புள்ள நனையல்ல."

ஃபோனை வைத்துவிட்டு, ஒட்டிய கடிதத்தைப் பிரித்தேன். மச்சான், மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். இடமாற்றப் பேச்சை இனி எடுக்கமாட்டேன். இன்னொரு ஜெக்கட் அனுப்புங்கள், நான் கை வைக்கமாட்டேன். நிறம் மட்டும் நல்ல மஞ்சளாக இருக்கட்டும். இனி மழை நாட்களில் நான் பெரகல சந்தியில்தான் நிற்பேன். அவள் தூரத்து வளைவில் திரும்பும்போதே எனக்குத் தெரிய வேண்டும்.