ஷந்தாலுக்குச் சம்பளம் போட்ட கதை

காரைக்கால்,
12-11-1978

பிரியமுள்ள மனைவி ஒதெத்துக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் மகள் ஷந்தாலும் நலம். கிணற்றுத் தண்ணீர் நலம். அரிசிப் பானைக்குள் போய்வருகிற எலியும் நலம். பிரான்சில் மார்செய் பக்கம் குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். நீ வேலை பார்க்கும் வீட்டில் கம்பளி கொடுத்தார்களா என்று எழுதவில்லை.

பத்து வயதுப் பெண்ணுக்குக் காசின் அருமை தெரிய வேண்டும், கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்துக் கெடுக்காதீர்கள் என்று போன கடிதத்தில் கண்டித்திருந்தாய். கோட்டுச்சேரி ரைஸ் மில்லில் ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகிறவன் வீட்டில் சொல்லித்தர மாட்டேனா என்று மறுநாளே ஆரம்பித்தேன். வாசல் பெருக்கினால் ஐந்து பைசா, பாத்திரம் கழுவினால் பத்து பைசா, சேர்த்துவைக்க ஒரு மண் உண்டியல். ஒரு வாரம் வீடு பளபளவென்று இருந்தது. அடுத்த வாரம் நான் மில்லில் இருக்கும்போது மழை பிடித்து, சன்னல் வழியாகச் சாரலடித்து மெத்தை ஊறிவிட்டது. இவள் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் சாத்தவில்லை என்று கேட்டால், சன்னலுக்கு இன்னும் ரேட் பேசவில்லையாம். கோபத்தில் கூலியைப் பாதியாக்கினேன். உடனே பக்கத்து வீட்டுச் செல்லம்மாவிடம் தேங்காய் துருவவும் பூக்கட்டவும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அங்கே கூலியும் அதிகம், காபியும் உண்டு, பேச்சுக்கும் குறைவில்லை. நான் திரும்பி வரும்போது வீடு பூட்டிக் கிடக்கிறது. விளக்கைப் போட்டுக்கொண்டு, அந்த வீட்டில் இவள் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டபடி தனியாகச் சாப்பிடுகிறேன். ஒரு நாள் வேலியோரம் நின்று பிள்ளையை அனுப்பச் சொன்னேன். கையில் இருக்கிற சரத்தை முடித்துவிட்டு வரட்டும் என்று செல்லம்மா முதலாளி மாதிரி சொல்கிறாள், என் பிள்ளையை!

வேறு வழியில்லாமல், நான் சாப்பிடும்போது எதிரே வந்து உட்கார்ந்தால் கால் ரூபாய் என்று பேசினேன். வந்தாள், உட்கார்ந்தாள், வாயே திறக்கவில்லை. ஏதாவது பேசேன்டி என்றேன். "உக்கார மட்டும்தானப்பா சொன்னீங்க?" என்றாள். பேச்சுக்குத் தனியாகப் பத்து பைசா ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகு என்ன பேசுவது என்று எனக்கே தெரியவில்லை. உண்டியல் காசில் ரிப்பன் வாங்கப்போகிறாயா, வளையலா என்று கேட்டேன்.

"ஒண்ணும் வாங்கலப்பா. அம்மா சம்பளத்துக்குத்தானே அங்க இருக்காங்க? நாம அதவிடக் கொஞ்சம் கூடக் குடுத்து, நம்ம வூட்டுலயே வேலைக்கு வச்சிக்கலாம்."

ரசம் காரம் என்று சொல்லி எழுந்து கை கழுவப் போய்விட்டேன். பின்னாலேயே வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அதற்குக் காசு கேட்கவில்லை.

ஆக, நீ சொன்ன பாடம் நன்றாகவே ஏறியிருக்கிறது. நீ வேலை பார்க்கும் வீட்டம்மா இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். தாராளமாக இரு. எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. தேவமாதா உன் பக்கத்தில் இருக்கட்டும். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

உன்
ழில்பேர்

பி.கு.: இவ்வளவையும் ஷந்தால் எடுத்துப் படித்துவிட்டாள். ஒரு குறையும் இல்லை என்று ஏனப்பா பொய் எழுதுகிறீர்கள் என்று கேட்கிறாள். அந்த வீட்டம்மாவிடம் முடியாது என்று சொல்லிவிடு. வந்துவிடு, ஒதெத்.