பெரிய வீட்டில் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை

தச்சநல்லூர்,
ஆவணி மாதம், 1993

கான்பூரில் குடியிருக்கும் மதிப்பிற்குரிய அத்தான் சங்கரசுப்பிரமணியன் அவர்களுக்கும் என் அருமை அக்காளுக்கும், தச்சநல்லூரிலிருந்து ஆவுடைநாயகம் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. காந்திமதி அம்மன் தயவில் இங்கே எல்லாரும் சௌக்கியம், என் வீட்டுக்காரி கோமுவின் முழங்கால் நீங்கலாக. அங்கே உங்கள் இருவர் உடம்பும், அக்காளின் துளசிச் செடியும் நன்றாக இருக்குமென்று நம்புகிறேன். என் மகள் சித்ரலேகாவைப் பெண் பார்க்க வந்த சமாச்சாரத்தை விவரமாக எழுதச் சொல்லியிருந்தீர்கள். விவரமாகத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் சுருக்கமாகச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

முதலில் 'பெரிய வீடு' பற்றிச் சொல்லிவிடுகிறேன். தப்பாக நினைத்துவிடாதீர்கள், இது ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வருகிற ஹிந்தித் தொடர். அதன் சரியான பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையாததால் தெருவே சேர்ந்து இந்தப் பெயரை வைத்துக்கொண்டது. வெள்ளைக்காரன் காலத்துக் கதை. வடக்கே ஏதோ பட்டணத்தில் இரண்டு பெரும் பணக்காரக் குடும்பங்கள். அத்தான், நான் பத்திர ஆபீசில் இருந்தவன், எத்தனையோ பெரிய மனிதர்களின் சொத்து விவரங்களை நகல் எடுத்தவன், ஆனால் பணம் இப்படியெல்லாம் வாழும் என்று எனக்குத் தெரியாது. சாப்பாட்டு மேஜை இங்கே ஆரம்பித்தால் தாமிரபரணிப் பாலம் மாதிரி நீண்டுகொண்டே போகிறது. ஒருவர் உப்பு கேட்டால் வேலைக்காரன் நடந்து போய்க் கொண்டுவந்து தருகிறான். மாடிப்படி வளைந்து இறங்குகிறது, அதில் பெண்கள் கீழே பார்க்காமலே இறங்குகிறார்கள், ஒருத்தியாவது சேலை தடுக்கி விழுந்து நான் பார்த்ததில்லை. அழுதாலும் மூக்கைச் சிந்துவதில்லை. அந்த வீட்டில் யாரும் கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருப்பதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கிழவி அம்மாள் இருக்கிறாள், வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியோடு. அவள் குரலை உயர்த்தவே மாட்டாள். புருவத்தை மட்டும் உயர்த்துவாள், வீடே நடுங்கும். அவள் திரையில் வந்தால் எங்கள் கூடத்தில் எல்லாரும் காலை மடக்கி உட்கார்ந்துவிடுவோம்.

இதைப் பார்த்து நானும் கொஞ்சம் மாறினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் சட்டை மாற்ற ஆரம்பித்தேன். "சொதி சாப்பிட எதுக்கு இஸ்திரி போட்ட சட்டை? துவைக்கது யாரு?" என்று கோமு கேட்டாள். அந்த வீட்டில் ஒரு சின்ன மணியை ஆட்டினால் காப்பி வருகிறதே என்று நானும் ஒரு நாள் சாய்வு நாற்காலியில் இருந்தபடி பூஜை அறை மணியை எடுத்து அடித்தேன். கோமு வரவில்லை. பக்கத்து வீட்டுச் சிவசண்முகம்தான் தீபாராதனை என்று நினைத்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார். அத்தோடு மணியை விட்டுவிட்டேன்.

இதில் ஹிந்தி எங்களுக்கு எப்படிப் புரிகிறது என்று கேட்பீர்கள். நம் சித்ராதான். பாளையங்கோட்டையில் டீச்சர் ஒருவரிடம் அவள் ஹிந்தி படித்தது உங்களுக்குத் தெரியுமே. டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்லுவாள். தெருவில் பாதிப் பேர் எங்கள் கூடத்தில்தான். அவள் சொல்வதைக் கேட்டுக் கோமு மூன்று வாரம் அழுதிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. சிவசண்முகம் கொண்டுவந்த இடம். அம்பாசமுத்திரத்துக் குடும்பம். பையன் ஞானசம்பந்தன் மணிமுத்தாறு அணையில் என்ஜினியர், தகப்பனார் இல்லை, தாயார் மட்டும். நல்ல இடம் என்பதாலேயே எனக்குப் பயமாக இருந்தது. முன்னே வந்தவர்களை நீங்கள் அறிவீர்கள். ஒருவர் நிறம் மட்டு என்றார், ஒருவர் கழுத்தையே பார்த்துவிட்டுப் போனார், கடைசியாக வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்றார்கள். கேசரிதான் ஜீரணமாகியிருக்கும். அதற்குப் பிறகு சித்ரா, "இனிமே தட்டத் தூக்கிக்கிட்டுக் குனிஞ்சு வர மாட்டேம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். பைய சொன்னாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

தொடர் முடிந்து, ஆட்களை அனுப்பி, கூடத்தைப் பெருக்கி வைத்த பிறகு நல்ல நேரத்தில் அவர்கள் வருவதாகப் பேச்சு. ஆனால் பெரிய வீட்டில் மழை கொட்டிக்கொண்டிருக்கிற கட்டத்தில், எங்கள் வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது! பையன், தாயார், கூட ஒரு சித்தப்பா. கூடத்திலோ தெரு ஜனம். சித்ரா பழைய சேலையில், முடியைக் கொண்டை போட்டுக்கொண்டு, டிவி பக்கம் நின்று கையை நீட்டிப் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் பதறிப்போய், "வாங்க, வாங்க, இதோ டிவிய அணைச்சிருதேன்" என்று ஓடினேன்.

அந்த அம்மாள் என் கையைத் தட்டிவிடாத குறைதான். "அணைச்சிராதிய! இதுக்காகத்தான மொத பஸ்ஸுலயே இவன இழுத்துட்டு வந்தேன். அடுத்த பஸ்ஸுல வந்தா இது முடிஞ்சிருக்கும்லா" என்று சொல்லிக்கொண்டே கூட்டத்துக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்க ஊருல படத்தத்தான் பாக்கோம், என்ன சொல்லுதாவன்னு ஒரு எழவும் வெளங்கல. ஏம்மா, அந்தக் கம்பு வச்சிருக்க அம்மா அவனுக்குப் பெத்த தாயா, சித்தியா?"

"பெத்த தாய்தான்" என்றாள் சித்ரா. வந்தவர்கள் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் உள்ளே ஓடவில்லை. "எதிரி வீட்டுப் பொண்ணு என் வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு சத்தியம் செஞ்சிருக்கா. இப்ப அவன் அந்தப் பொண்ணையே மழைக்குள்ள கூட்டிட்டு வந்து நிக்கான்."

"அட பாவமே!" என்றார் மாப்பிள்ளையின் தாயார். மாப்பிள்ளை டிவியை ஒரு தரம், சித்ராவை ஒரு தரம் பார்த்தபடி அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் வாசலில் சொட்டச் சொட்ட நிற்கிறாள். கிழவி அம்மாள் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறாள். கைத்தடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. கடைசிப் படியில் நின்று, புருவத்தை உயர்த்தி, வாயைத் திறக்கிறாள். கரண்ட் போய்விட்டது.

அத்தான், அந்தக் கூடத்தில் எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. சிவசண்முகம் மின்சார வாரியத்தைப் பெண்கள் முன்னால் சொல்லக்கூடாத விதத்தில் வைதார். மாப்பிள்ளையின் தாயார் சித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தன வாரம் பாத்திருக்கியே, நீ சொல்லு தாயி. அவ என்ன சொல்லுவா?"

சித்ரா மூலையில் கிடந்த என் குடையை எடுத்துத் தரையில் ஊன்றினாள். முதுகு நேரானது. என் மகளின் புருவம் அப்படி உயரும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

"பெண்ணே, இதே வாசலில் என்னையும் ஒரு நாள் நிறுத்தினார்கள். கழுத்தைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், கையைத் திருப்பி நிறத்தைப் பார்த்தார்கள். என் முகத்தைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. அன்றைக்கு உள்ளே வந்தவள், இந்த வீட்டையே ஆண்டும் என்ன, அந்த வாசலில் நின்ற கால் வலி எனக்கு இன்னும் போகவில்லை. சத்தியம் செய்தது என் கோபம். கதவைத் திறப்பது நான். உள்ளே வா. குனிந்து வராதே."

ஃபேன் ஓடாத அந்தப் புழுக்கத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தெருவே நிறைந்திருந்த அந்தச் சின்னக் கூடத்தில் சரவிளக்கு எரிந்தது போலிருந்தது எனக்கு. பெற்றவன் நான், ஆனால் எழுந்து நின்று கும்பிடலாமா என்று தோன்றியது.

மாப்பிள்ளையின் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படித்தான் சொல்லுவா. வேற என்னத்தச் சொல்லிர முடியும்?" என்றார்.

"ஆமா, அத்தை" என்றாள் சித்ரா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுக்களை நிலையில் நின்ற கோமு கையிலிருந்து கரண்டி விழுந்தது.

கோமு மெல்ல, "பொண்ண அலங்காரம் செஞ்சு கூட்டிட்டு வாரேன், முறைப்படி பாத்துருங்க மதினி" என்றாள். அந்த அம்மாள், "இன்னும் என்னத்தப் பாக்கதுக்கு? கண்ணு நெறையப் பாத்தாச்சே. ஏல, ஒனக்கு?" என்று மகனைக் கேட்டார். மாப்பிள்ளை, "எனக்கும் பாத்தாச்சு" என்றார். அவ்வளவுதான். கேசரியை இந்தத் தடவை முழு மனதோடு பரிமாறினோம். தை மாதத்தில் முகூர்த்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நம் பெண் ஹிந்தி படித்தது வீண்போகவில்லை என்று கோமு கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீங்களும் அக்காளும் கல்யாணத்துக்கு முன்கூட்டியே வந்து நின்று நடத்தித் தர வேண்டும். நெல்லையப்பர் உங்கள் இருவருக்கும் நோய்நொடியில்லாத ஆயுளையும், கான்பூர் குளிரைத் தாங்கும் உடம்பையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு, தங்கள் மைத்துனன்
ஆவுடைநாயகம்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் மாப்பிள்ளை வந்தார். பாளையங்கோட்டையில் ஆபீஸ் வேலையாம். பஸ் ஏற்றிவிட நானும் கூட நடந்தேன். வழியில் சொல்கிறார்: "மாமா, வேலைக்குச் சேரதுக்கு முன்னால நாலு வருசம் போபால்ல படிச்சேன். எனக்கு ஹிந்தி நல்லாத் தெரியும். ஞாயித்துக்கெழமையும் அணையில வேலை, அதான் வீட்டுல அம்மைக்கு எடுத்துச் சொல்ல ஆளில்ல. அந்தக் கெழவி அவனுக்குத் தாயே இல்ல, வாடகைக்கு இருக்கவ. அவன் டாக்டர். அந்தப் பொண்ணு மருந்து கேட்டு வந்திருக்கா. அன்னைக்குக் கெழவி என்ன சொன்னான்னு போபால் சிநேகிதன்கிட்ட போன்ல கேட்டேன். 'சாரல் அடிக்கி, கதவச் சாத்து'ன்னாளாம்." நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். "அப்படின்னா மாப்பிள்ளை, இத்தன வாரமா எங்க வீட்டுல ஓடுனது?" "அது ஒங்க மக கட்டுன கத மாமா. டிவிக்காரன் கதைய விட அதுதான் நல்லாருக்கு. எங்க அம்மைகிட்ட மட்டும் சொல்லிராதிய, ஞாயித்துக்கெழமைக்காகக் காத்துட்டுருக்கா." ஆகையால் அத்தான், மேலே ஹிந்தியைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். கல்யாணத்துக்கு வந்திருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை குறுக்கிட்டால், எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, தயவுசெய்து ஒன்றும் புரியாதவர் மாதிரி இருங்கள். அன்று மாப்பிள்ளை அப்படித்தான் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தார் தெரியுமா!