வாவிக்கரைப் பக்கத்து வாசல்

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
12.07.2024

அன்புத் தங்கச்சி அன்னப்பூரணிக்கு,

அண்ணன் கோணாமலை எழுதுவது. நானும் உன் அண்ணி சுலோஜனாவும் சுகம். கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் குளிர் பிடிக்காமல் இருக்க மாமாங்கேஸ்வரர் காப்பாராக.

நிற்க, பூட்டப்பா 1913 இல் கட்டிய நமது வீட்டை ஹோட்டல் கட்டுகிறவருக்கு விற்பதென்று நாம் முடிவெடுத்தோமல்லவா, அவர் பார்க்க வருமுன் குசினி அடுப்படிச் சுவரில் ஈரம் ஊறிக்கிடந்த பூச்சைக் கொத்தி எடுக்க மேசன் நிஸ்தாரைக் கூப்பிட்டேன், அவர் ரெண்டு கொத்துக் கொத்தினார், "ஐயா, இது சுவரில்ல, கதவு" எண்டார், பார்த்தா முதிரை மரத்தில ரெட்டைக் கதவு, மேல அரைவட்டமாச் சிவப்பும் பச்சையுமாக் கண்ணாடி! பழைய வீடுகளை அளந்து படம் கீறுற, கம்பஸில படிக்கிற பிள்ளை அஜந்தாவைக் கூப்பிட்டன், அவ நாடா பிடிச்சு அளந்துபோட்டு, "ஐயா, அந்தக் காலத்தில ஆக்கள் தோணியிலதான வந்தாங்க, வீட்டுட முன்பக்கம் வாவிப் பக்கம், நீங்க இவ்வளவு காலமும் பின்வாசலாலதான் பூந்திரிக்கீங்க" எண்டா. முப்பது வருசம் ஊராற்ற காணியெல்லாம் அளந்த சேவையர் நான், எனக்கு வந்த கேட்டைப் பாரு! விறாந்தையில அடுப்பு மூட்டி, முன்வாசலுக்கு நேர கக்கூசு கட்டி, உன்ட கலியாண மாப்பிள்ளையையும் பின்பக்கத்தாலதான் கூட்டி வந்திரிக்கம்!

கதவைத் திறப்பம் எண்டு நானும் நிஸ்தாரும் அஜந்தாவும் தள்ள, அது திடீரெண்டு திறந்து, நான் வெளியில தேங்காய் மட்டைக் குவியலுக்க போய் விழுந்தன். ஒருத்தரும் தூக்க வரல்ல. திரும்பிப் பார்த்தா, வாவிக் காத்து வீடு முழுக்க அடிக்குது, கண்ணாடி வெளிச்சம் சீமெந்துத் தரையில சிவப்பாக் கிடக்கு, உன்ட அண்ணி அந்தப் படியில குந்தித்தா. ரெண்டு நாளா வெங்காயம் உரிக்கிறதும் அங்கதான். "இந்த வீட்ட இடிச்சா நானும் இந்தக் கதவும் ஒண்டாத்தான் போவம்" எண்டு சொல்லிப்போட்டா. ஹோட்டல்காரரை வரவேணாம் எண்டு சொல்லிற்றன். கோவிக்காத தங்கச்சி. முன்வாசல் தெரிஞ்ச பிறகு வீட்டை விக்க மனம் வருதில்ல.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் நல்ல பசியும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் கோணாமலை

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும்போது அஜந்தா போன் எடுத்தா. "பிழைச்சுப் போச்சு ஐயா, பழைய வரைபடம் ஒண்டு கிடைச்சிரிக்கு. றோட்டுப் பக்கந்தான் முன்வாசல். நீங்க திறந்தது, வாவிக்கு அங்கால படுவான்கரை வயல்ல இருந்து வந்த நெல்லுமூட்டையத் தோணியால இறக்கிக் கொண்டுவாற வழி." அண்ணிட்டச் சொன்னன். அவ எழும்பவே இல்ல. "நெல்லு வந்த வழிதானே முன்வாசல்? கக்கூச இடிக்க நிஸ்தாரை வரச்சொல்லுங்க" எண்டா.